மேட்டூர் உபரிநீர் அயோத்தியாப்பட்டணம் பக்கத்து ஏரிகளுக்கு வருமா?

அயோத்தியாப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கம் பாதிக்கு மேல் மேட்டாங்காடு, மானாவாரிதான். கிணறு வற்றி, போர் ஆயிரம் அடி தாண்டிவிட்டது. மேட்டூர் நிரம்பினால் அத்தனை தண்ணீரும் கடலுக்குப் போகிறது. ஒரு பெரிய கால்வாய் வெட்டி எங்கள் ஏரிகளையெல்லாம் நிரப்பினால் என்ன? இப்படிப்பட்ட திட்டத்தை எப்படிப் போடுகிறார்கள்? ஊர்க்காரர்கள் சேர்ந்து மனு எழுதப் போகிறோம், அதில் என்ன கேட்க வேண்டும்?"

பாசன வேலையிலேயே 30 வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலில் ஒன்று. திட்டம் என்றதும் எல்லோரும் அணையில் ஆரம்பிப்பார்கள். நான் உங்கள் கடைசி ஏரியின் மதகில் ஆரம்பித்து மேலே போகச் சொல்வேன். ஏன் என்பது படிக்கும்போதே புரியும்.

கால்வாய் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். மேட்டூர் அணை 120 அடி நிரம்பும்போது அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி. சேலம் நகரம் ஏறக்குறைய 910 அடியில் இருக்கிறது. உங்கள் ஊர் அதற்கும் மேலே, திருமணிமுத்தாறு மஞ்சவாடிப் பக்கமிருந்து இறங்கி நகரத்துக்கு வரும் வழியில். அணையில் தண்ணீர் தளும்பினாலும் அது தானாக உங்களிடம் ஏறி வராது. 1934-இல் திறந்த அணை சேலம் மாவட்டத்தில் இருந்தும் சேலத்துக்குப் பாயாமல் தஞ்சாவூருக்குப் போவதில் இந்த மேடு பள்ளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் 1950-களில் வந்த கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்களும் ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலத்தைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கித்தான் போகின்றன. இரண்டும் சேர்ந்து சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் சுமார் 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன.

நீங்களே சரிபார்க்கலாம். ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் ஸ்டேஷன் பலகையில் இருக்கும் எண்ணிலிருந்து 241-ஐக் கழித்துப் பாருங்கள். மிச்சம் வருவதுதான் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம். அதுவும் அணை முழுதாக நிரம்பியிருக்கும் நாளில்.

ஆக, உங்களுக்கு வேண்டியது நீரேற்றுத் திட்டம். அதற்கு நம் மாவட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 2020-இல் அடிக்கல் நாட்டி, 2021 தொடக்கத்தில் முதல் கட்டம் திறந்த மேட்டூர் - சரபங்கா திட்டம். திப்பம்பட்டியில் பம்பு வைத்து மேச்சேரி, நங்கவள்ளி, எடப்பாடிப் பக்கத்து வறண்ட ஏரிகள் 100-ஐ நிரப்புவது. அறிவித்த கணக்கு 565 கோடி ரூபாய், 0.555 டிஎம்சி தண்ணீர், 4,238 ஏக்கர் பாசனம். இந்த எண்களை வகுத்துப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு 13 லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்தப் பக்கத்து நிலத்தின் விலையோடு ஒப்பிட்டு யாராவது சிரிக்கலாம். ஆனால் அந்த வகுத்தல் பாதிதான் உண்மை. ஏன் என்பதைக் கிணற்றுக் கதைக்கு வரும்போது சொல்கிறேன்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. மனு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. ஏக்கர் கணக்கில் சொன்னால் சுமார் 23,000 ஏக்கரில் ஒரு அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். சரபங்கா திட்டத்தின் 0.555 டிஎம்சியை 4,238 ஏக்கரில் பரப்பினால் 3 அடி. நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 4 அடி வேண்டும். கரும்புக்கு ஆறு, ஆறரை அடி. நிலக்கடலை, சோளம், மக்காச்சோளம் என்றால் ஒன்றரை, ஒன்றே முக்கால் அடியில் முடித்துவிடலாம். ராகிக்கு ஒரு அடி கொஞ்சம் கூடக் குறைய. மழை தருவது போகத்தான் மிச்சம் நாம் தர வேண்டும் என்றாலும், எந்தப் பயிர் என்று முடிவு செய்யாமல் எத்தனை ஏக்கர் என்று சொல்லவே முடியாது. "ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 10,000 ஏக்கர்" என்று மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். எந்தப் பயிருக்கு என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

சரி, தண்ணீர் எவ்வளவு கிடைக்கும்? 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தார்கள். பதினாறு கண் மதகில் அதைப் பார்த்தவர்களுக்கு உங்கள் கேள்விதான் வந்திருக்கும். விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடி போகிறபோது, சரபங்கா திட்டத்துக்கு வேண்டிய மொத்தத் தண்ணீரும் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் அதை அள்ள எந்தப் பம்பாலும் முடியாது. விநாடிக்கு 250 கனஅடி இழுக்கும் பெரிய நிலையம் கட்டினாலும் 26 நாள் இரவு பகலாக ஓட வேண்டும். வெள்ளம் எவ்வளவு பெரியது என்பது நமக்கு முக்கியமே இல்லை. அணை நிரம்பி எத்தனை நாள் தொடர்ந்து வழிந்தது என்பதுதான் முக்கியம்.

அதைவிட முக்கியம், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வழிகிறது என்பது. 2013 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பியது. அடுத்து நிரம்பியது 2018 ஜூலையில். நடுவில் நாலு வருடம் முழுக்க ஒரு சொட்டு உபரி கிடையாது. 2018-க்குப் பிறகு நல்ல வருடங்கள் வந்தன. அந்த ருசியில்தான் இப்போது எல்லா மாவட்டமும் உபரிநீர்த் திட்டம் கேட்கிறது. 2023-இல் மறுபடி கை விரித்துவிட்டது, குறுவைத் தண்ணீரையே அக்டோபரில் நிறுத்தினார்கள். பாசனத் திட்டத்தில் வழக்கமாக 75 விழுக்காடு நம்பகம் பார்ப்பார்கள். அதாவது நாலு வருடத்தில் மூன்று வருடமாவது இந்த அளவு வருமா என்று. உபரிநீரை நம்பிப் போடும் திட்டத்தில் அந்தச் சோதனையை நேர்மையாகச் செய்தால் பல திட்டங்கள் காகிதத்திலேயே சுருங்கிவிடும். சுருங்கட்டும். அப்படிச் சுருங்கிய பிறகு மிஞ்சுகிறதே, அதுதான் நிஜமான திட்டம்.

உரிமைக் கணக்கும் ஒன்று இருக்கிறது. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி தமிழ்நாட்டின் பங்கு 404.25 டிஎம்சி, அதில் மாநில எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டியது 177.25. அந்தத் தண்ணீர் ஏற்கெனவே பாசனத்துக்கும் குடிநீருக்கும் பேசி முடித்தது. அணை நிரம்பி வழிவதை மட்டும் எடுக்கிறோம் என்று எவ்வளவு சொன்னாலும் டெல்டாக்காரர்களுக்குப் பயம் போகாது, சரபங்கா திட்டத்தையும் அவர்கள் எதிர்த்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பம்பு இருக்கிறது, வறட்சி வருகிறது, ஊர் கத்துகிறது என்றால் 119 அடியிலும் சுவிட்சைப் போடச் சொல்லும் காலம் வரலாம். அதனால் எந்த நீர்மட்டத்துக்கு மேல்தான் பம்பு ஓடும் என்பதை அரசாணையிலேயே எழுதும்படி நீங்களே கேளுங்கள். அப்போதுதான் உங்கள் மனுவுக்கு மதிப்பு.

இனி கரண்டு. அரை டிஎம்சி தண்ணீர் உங்கள் பக்கம் வர வேண்டும் என்று வையுங்கள். மேடு 50 மீட்டர், நீண்ட குழாயின் உராய்வுக்கு இன்னொரு 50 மீட்டர், பம்பு மோட்டாரின் திறன் எழுபது விழுக்காடு. இந்தக் கணக்குக்குச் சுமார் 55 லட்சம் யூனிட் ஆகும். யூனிட் 7 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 3 கோடியே 85 லட்சம். ஒரு ஏக்கரில் ஒரு அடி தண்ணீர் நிறுத்த கரண்டுக்கு மட்டும் 3,300 ரூபாய்க்கு மேல். பம்பு ஆபரேட்டர் சம்பளம், ஏர் வால்வு, குழாய் உடைப்பு எல்லாம் தனி. நம் மோட்டாருக்கு இலவச மின்சாரம் என்பதால் தண்ணீர் தூக்குவதற்குக் காசு ஆகும் என்பதே நமக்கு மறந்துவிட்டது. அங்கே யாரோ ஒருவர் பில் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டடம் கட்ட நிதி கிடைத்துவிடும், ரிப்பன் வெட்டுவார்கள். பத்தாவது வருடம் பில் கட்டப் பணம் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேளுங்கள்.

அவிநாசிப் பக்கத்து அத்திக்கடவு திட்டத்தை உதாரணம் காட்டுவீர்கள். தலைமுறைகளாகக் கேட்டு, 2024 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து 1.5 டிஎம்சியை ஆறு பம்பு நிலையம் வைத்து 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்கு அனுப்புவது. அங்கே பாசனம் என்று சொல்கிற 24,468 ஏக்கரில் அந்தத் தண்ணீரைப் பரப்பினால் ஒன்றரை அடிகூட வராது. போட்டவர்களுக்கும் அது தெரியும். அந்தத் திட்டத்தின் உயிர் நிலத்தடி நீரில் இருக்கிறது.

இப்போது கிணற்றுக் கதை. நம் மாவட்டத்தின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. சார்னோகைட், நைஸ் என்று புவியியலில் சொல்வார்கள், நாம் கரும்பாறை என்போம். மேலே மண்ணும் மக்கிய பாறையும் சேர்ந்து ஒரு அடுக்கு. நம் அப்பா காலத்துக் கிணறுகள் அந்த அடுக்கில்தான் தண்ணீர் பார்த்தன. அதற்குக் கீழே பாறை வெடிப்பில் இருக்கிற தண்ணீர்தான், அதைத் தேடித்தான் ஆயிரம் அடி போர் போடுகிறீர்கள். ஏரியில் நிற்கிற தண்ணீர் மேல் அடுக்கைத்தான் முதலில் நிரப்பும். கரைக்குக் கீழே இருக்கிற கிணறுகள் ஒரு மாதத்தில் ஊறும், தள்ளி இருப்பது மெதுவாக, அதற்கும் அப்பால் இருப்பதற்கு அதிர்ஷ்டம் வேண்டும். உங்கள் ஏரிக்கு ஆயக்கட்டு 40 ஏக்கர் என்று பதிவேட்டில் இருந்தாலும், அதைச் சுற்றி ஐம்பது அறுபது கிணறு ஊறினால் பலன் 200 ஏக்கருக்குப் போகும். அதனால்தான் ஏக்கருக்கு 13 லட்சம் என்ற வகுத்தலை முழுதாக நம்பாதீர்கள் என்றேன்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கிணறு ஊறியதும் சோளக்காட்டுக்காரர் கரும்பு வைப்பார். பாக்கு நடுவார். வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்புகளைப் பார்க்கிறீர்களே, ஒரு வறட்சியில் காய்ந்தால் மறுபடி காய்ப்புக்கு வர வருடக்கணக்காகும். வருகிற தண்ணீர் நாலில் ஒரு வருடம் பொய்க்கும் என்று தெரிந்தே வருடம் முழுக்கத் தண்ணீர் கேட்கும் மரத்தை வைத்தால், அந்த ஒரு வருடம் டேங்கர் லாரிதான். மரவள்ளிக்கிழங்கு என்றால் பரவாயில்லை, பத்து மாதப் பயிரானாலும் சொட்டுநீரில் வரும், கொஞ்சம் தாங்கும், ஜவ்வரிசி ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன.

கடைசி ஏரியில் ஆரம்பியுங்கள் என்று சொன்னேன் அல்லவா? அதற்குக் காரணம் என் தலையிலேயே விழுந்த குட்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிது. இரண்டு ஏரிகளை இணைக்க ஒரு வாய்க்கால், ஒன்றரை மைல் இருக்கும். லெவல் மெஷினை வைத்து, அளவுகோல் பிடிக்க ஒரு ஆளை நடக்கவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். கணக்குப்படி முதல் ஏரியிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு அடி சரிவு. வேப்ப மரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஏரியின் மதகைத் திறந்து மூடுகிற நீர்க்கட்டி அவர்தான். சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகக் கேட்டார்.

"ஏங்க சார், தண்ணி எந்தப் பக்கமுங்க போகுது?"

"இங்கிருந்து அங்கே போகுதுங்க ஐயா."

"மழை பேஞ்சா அங்கிருந்துதானுங்க இங்க வருது."

எனக்குச் சுருக்கென்றது. கணக்கை மூன்று முறை கூட்டினேன், சரியாகவே வந்தது. கடைசியில் பார்த்தால், முதல் ஏரியின் மட்டத்தைப் பழைய வரைபடத்திலிருந்து எடுத்திருந்தேன்; இரண்டாவது ஏரிக்கு நான் அடிப்படையாக வைத்துக்கொண்ட பெஞ்ச் மார்க், அதாவது உயரம் குறித்த அடையாளக் கல், ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் செதுக்கியது. ரோடு போட்டபோது அந்தப் பாலத்தை இடித்து உயர்த்திக் கட்டி, பழைய கல்லையே எடுத்து மேலே பதித்திருக்கிறார்கள். வரைபடத்தில் எண் மாறவில்லை, கல் மட்டும் இரண்டடி ஏறிவிட்டது. அந்தப் பெரியவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் மேட்டை நோக்கி ஒன்றரை மைலுக்கு வாய்க்கால் வெட்டியிருப்பேன். அப்படி வெட்டி, இன்றைக்கும் ஆடு மேய்கிற வாய்க்கால்கள் இரண்டு மூன்று எனக்குத் தெரியும்.

அதனால் உங்கள் பக்கத்து ஏரிகளை ஒவ்வொன்றாக நடந்து பாருங்கள். ஏரி தனி ஏரி இல்லை, சங்கிலி. மேல் ஏரி கோடி விழுந்தால், அதாவது நிரம்பி வழிந்தால், எந்த ஓடை வழியாக அடுத்த ஏரிக்குப் போகும், அந்த ஓடை இன்னும் இருக்கிறதா, யாராவது வரப்புக் கட்டி உழுதுவிட்டார்களா, பட்டாவே வாங்கிவிட்டார்களா, நடுவில் மனைப்பிரிவு வந்துவிட்டதா? சங்கிலி அறுந்திருந்தால் ஒவ்வொரு ஏரிக்கும் தனிக் குழாய் போட வேண்டியிருக்கும், செலவு அங்கேதான் எகிறும். ஓடைகள் திறந்திருந்தால் தலை ஏரி ஒன்றை நிரப்பினால் போதும், மிச்ச வேலையைச் சரிவே பார்த்துக்கொள்ளும்.

பனமரத்துப்பட்டி ஏரியைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சேலம் நகரத்துக்குக் குடிநீர் தருவதற்காக நூறு வருடத்துக்கு முன்னால் கட்டிய பெரிய ஏரி. மலைப் பக்கத்து ஓடைகள் தடைபட்டு, வண்டல் சேர்ந்து, சீமைக் கருவேலம் காடாகிப் பல வருடம் கிடந்தது. அப்படிக் கிடக்கிற ஏரியில் குழாய் வழியாகக் காவிரியை ஊற்றினால் முதலில் குடிப்பது கருவேலம்தான். கொள்ளளவும் அப்படித்தான். நூறு ஏக்கர் ஏரி, சராசரி ஐந்தடி ஆழம் என்றால் 500 ஏக்கர் அடி. நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வைத்தாலும் நூறு நாளில் ஒன்றரை அடிக்கு மேல் போய்விடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. அதே தண்ணீரை ஆழப்படுத்திய ஐம்பது ஏக்கரில் பத்தடி நிறுத்தினால் ஆவியாவது பாதிதான். அதனால் 200 ஏரிக்குக் கொஞ்சம் கொஞ்சம் என்று பட்டியல் போடுவதைவிட, தூர்வாரி ஆழப்படுத்திய 30 ஏரிகளை நிறைத்துவிடுவது மேல் என்பது என் கட்சி. அரசியலில் இது எடுபடாது, தெரியும். எந்த எம்எல்ஏவும் விட்டுப்போன 170 ஊர்களுக்கு ஓட்டுக் கேட்டுப் போக முடியாதே.

இன்னொன்று, உங்கள் தலைக்கு மேலேயே சேர்வராயன் மலை நிற்கிறது. சமவெளியில் வருடத்துக்கு 900 முதல் 1,000 மில்லிமீட்டர் மழை, ஏற்காட்டில் 1,500-க்குப் பக்கம். சரபங்கா, திருமணிமுத்தாறு இரண்டும் அந்த மலைப்பக்கமிருந்து இறங்குகிறவைதான். அடித்து ஓடுகிற அந்தத் தண்ணீரை அடிவாரத்தில் தடுப்பணை கட்டி நிறுத்தக் கரண்டு வேண்டாம், கர்நாடகத்தைக் கேட்க வேண்டாம். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் வண்டலை எடுத்து நடுவிலேயே தீவுகளாகக் குவித்து ஆழப்படுத்தினார்கள், மலையடித் தண்ணீரில் அது நிற்கிறது. கிழக்கே வசிஷ்ட நதியின் ஆனைமடுவு அணை 67 அடி உயரம், 267 மில்லியன் கனஅடிதான். அதாவது கால் டிஎம்சிக்குக் கொஞ்சம் கூட. அந்த அளவுக்கே வாழப்பாடி, பேளூர்ப் பக்கத்தில் எவ்வளவு மதிப்பு என்று அங்கே கேட்டுப் பாருங்கள். அந்தத் தண்ணீர் உங்களுக்கு வராது, சேலத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவில் நீர் பிரிகிற மேடு இருக்கிறது. அங்கே விழும் மழை வெள்ளாற்றுக்குப் போகும், இங்கே விழுவது காவிரிக்கு.

காவிரி - சரபங்கா - திருமணிமுத்தாறு - அய்யாறு இணைப்பு என்ற பழைய கோரிக்கையையும் மனுவில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சேருங்கள். ஆனால் திருமணிமுத்தாறு இன்று சேலம் நகரத்தின் சாக்கடையையும் சாயத்தண்ணீரையும் சுமந்துகொண்டு போகிறது. அதன் வழியாக நல்ல தண்ணீரை விட்டால் கீழே இருக்கிறவர்களுக்கு என்ன போய்ச் சேரும்? சுத்திகரிப்பையும் சேர்த்துக் கேட்காமல் இணைப்பை மட்டும் கேட்காதீர்கள்.

மனுவில் என்ன எழுதுவது என்று கேட்டீர்கள். கோரிக்கை ஒரு பக்கம் போதும். கூடவே ஒரு அட்டவணை வையுங்கள்: ஏரிப் பெயர், பரப்பு, கடைசியாக எந்த வருடம் கோடி விழுந்தது, மதகு வேலை செய்கிறதா, வரத்து ஓடை எந்தச் சர்வே எண்ணில் அடைபட்டிருக்கிறது, கரைக்குக் கீழே எத்தனை கிணறு. இவ்வளவு விவரத்தோடு வரும் மனுவை நான் வேலையில் இருந்த காலத்தில் நாலைந்து தடவைதான் பார்த்தேன், அவற்றைத் தூக்கி ஓரமாக வைக்க எங்களால் முடிந்ததில்லை. 2000-ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கு இடம் இருக்கிறது. உங்கள் பக்கம் அப்படி ஒரு சங்கம் இருந்தால் அதன் பெயரிலேயே கொடுங்கள்.

அட்டவணைக்கு நாலு பேர், ஒரு வாரம் போதும். ஊரில் மதகு திறந்து பழக்கப்பட்ட வயதான ஆள் யாராவது இருந்தால் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓடையிலும் இறங்கி, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.